அசையாமல் படுத்திருக்கும் அரைமணி நேரம்

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் காப்பித்தூள் டப்பாவை இவர் கையில் கொடுத்து எங்கேயாவது ஒளித்து வைக்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் என் கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிடும் என்று பயம். "நான் குடிக்கலாமா, இல்ல எனக்கும் தடையா?" என்று கேட்டார். "தெருமுனைக் கடையில குடிச்சுட்டு வாங்க. வாசனைகூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன். "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு" என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன்.

என் ரத்தம் உனக்குப் பொருந்துகிறது. திசுவும் பொருந்துகிறது. என் எடைதான் பொருந்தவில்லை. ஒன்பது கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் உனக்காக என் சிறுநீரகத்தை எடுப்பது பற்றிப் பேசவே முடியும் என்று இங்குள்ள டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். வயது, உயரம், எடை மூன்றையும் போட்டால் ஓய்வில் இருக்கும் உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி எரிக்கும் என்று சொல்லும் ஒரு சூத்திரம் என் போனிலேயே இருக்கிறது. அதைக் காட்டினேன். அந்த அம்மா சிரித்தார். "அது உங்க வயசுப் பொம்பளைங்க எல்லாருக்கும் சேத்துத் தைச்ச ஒரே சட்டைம்மா. சிலருக்குத் தொளதொளன்னு இருக்கும், சிலருக்கு ஏறவே ஏறாது. நாம அளந்தே பாத்துடுவோம்" என்றார்.

அதற்குத்தான் இன்று போனேன். வெறும் வயிறு, காப்பி இல்லை, நேற்றிலிருந்து நடைப்பயிற்சி இல்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு கட்டில், பக்கத்தில் இயந்திரம், தலைக்கு மேல் கவிழ்க்க ஒரு ஒளிபுகும் மூடி. நாம் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளந்து, உள்ளே எவ்வளவு எரிகிறது என்று கணக்கிடுகிறது. அதை இயக்கும் பெண் சின்ன வயதுக்காரி. "அரைமணி நேரம் சும்மா படுத்திருங்கம்மா, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? எடைக்கல்லையும் தராசையும் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவள். "இந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபாத்தீங்க?" என்று கேட்டேன். காலையில் என்றாள். எந்த வாயுவை வைத்து என்று கேட்டேன். எழுந்து போய் அந்த வாயு உருளையைச் சுற்றிப் பார்த்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். "எதுக்கும் என் கண்ணு முன்னாடி ஒரு தடவை சரிபாத்துடுங்களேன்" என்றேன். பாவம், அவளுக்கு வியர்த்துவிட்டது. குழாய் இணைப்புகளை நானும் கூட நின்று அழுத்திப் பார்த்தேன். "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்றாள். சொன்னேன். "அதானே பாத்தேன்!" என்றாள்.

இயந்திரம் சுத்தம். குறை ஒன்றும் இல்லை. மூடியைக் கவிழ்த்தாள். அளவில் என்னால் குறை வரக் கூடாது என்று நன்றாக ஆழமாக, ஒழுங்காக மூச்சு விட்டேன். 1640 கலோரி வந்தது. போனில் இருந்த சூத்திரம் சொன்னதைவிட அதிகம். "பரவாயில்லையே, நல்லாத்தான் எரியுது உங்களுக்கு" என்று உணவு ஆலோசகர் சந்தோஷப்பட்டார். அதை வைத்து என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் நினைத்ததைவிடத் தாராளம்.

இனி என் பொறுப்பு. நீ பயப்படாமல் இரு.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு மாதமாக "ஆரம்பிக்கிறேன், ஆரம்பிக்கிறேன்" என்றவள் கடைசியில் ஆரம்பித்துவிட்டாய். அதுவரை சந்தோஷம்.

இதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. என் ரத்தம் வெளியே போய் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. தண்ணீருக்கு அளவு போட்டிருக்கிறார்கள். டாக்சி ஆபீசில் எல்லோரும் பாட்டிலைத் தூக்கி மடக் மடக்கென்று குடிக்கும்போது நான் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு மைக்கில் டிரைவர்களைக் கூப்பிடுகிறேன். "என்ன மேடம், மிட்டாயா?" என்று ஒருவன் கேட்டான். அவனை விமான நிலையத்துக்கு மூன்று தடவை வெறும் வண்டியோடு அனுப்பினேன்.

ஒன்று கேட்கவேண்டும். ஒரு சிறுநீரகம் நூற்றைம்பது கிராம் இருக்குமாம், நர்ஸ் சொன்னாள். எனக்கு வேண்டியது நூற்றைம்பது கிராம். அதைக் கொடுக்க நீ ஒன்பது கிலோ இழக்க வேண்டும். தராசுக்காரி நீ, இது எந்த ஊர் நியாயம்?

சீக்கிரம் செய், அக்கா. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் சீக்கிரம்.

வாலு


ஏப்ரல் 19

அன்புள்ள வாலுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ஆறு வாரம் ஆகிறது. ஒரு கிலோகூட முழுதாக இறங்கவில்லை. ரொட்டி, முட்டை, பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் சாப்பிடுகிறேன். அடுக்களை மேடையில் இருக்கும் தராசு ஆய்வுக்கூடத்தில் நானே சரிபார்த்தது. "நீ நகைக்கடையில வேலைக்குப் போயிருக்கலாம்" என்கிறார் இவர். அவர் தட்டில் மிஞ்சுவதைக்கூட நான் தொடுவதில்லை.

நேற்று உணவு ஆலோசகரைப் பார்த்தேன். நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சில பேருக்குத் தெரியாமலே கை போயிடும். சமைக்கும்போது ருசி பாக்கறது, டிவி பாக்கும்போது கொஞ்சம்..." என்றார். இல்லை என்றேன். "அளவு தப்பாதும்மா, அளந்துதானே பாத்தோம்" என்றார். நான்தான் தப்பு என்று அர்த்தம். அந்த அறையில் எனக்குக் காது சூடானது.

மாலையில் வீடு வந்து பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டு மாட்டினேன். காலையில் அது அப்படியேதான் இருந்தது. இவரைக் கேட்டேன்: "நான் தூக்கத்துல எழுந்து போறேனா?" "நீ தூங்கினாத்தானே எழுந்து போறதுக்கு" என்றார்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 26

நாள் முழுக்க டிரைவர்கள் குரலைக் கேட்பதுதான் என் தொழில். "வண்டி கிளம்பிடுச்சு மேடம், ரெண்டு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்பான். பின்னால் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பாதவன் குரல் எனக்குத் தெரியும். கிளம்ப மனசில்லாதவன் குரல் அதைவிட நன்றாகத் தெரியும்.

உன் கடிதத்தில் அந்தக் குரல்தான் இருக்கிறது.

நீ சாப்பிடுகிறாய், அக்கா. வேண்டுமென்றே என்று சொல்லவில்லை. ஆனால் எடை இறங்கினால் அடுத்தது ஆபரேஷன் மேஜை, கத்தி. அது உனக்குத் தெரியும். உன் கைக்கும் தெரியும். ரப்பர் பேண்டு போட்டேன், தராசைச் சரிபார்த்தேன் என்று எனக்கு எதற்கு இத்தனை சாட்சி? கேட்காமலே சாட்சி சொல்கிறவனை நான் நம்புவதில்லை.

அத்தானுக்கு இதில் இஷ்டமில்லை என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் பார்க்க வந்தபோது என் கையில் டயாலிசிஸ் ஊசி குத்தி வீங்கியிருந்த நரம்பைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதை நான் கவனித்தேன்.

கொடுக்க மனசில்லையென்றால் சொல்லிவிடு. இப்படி இழுக்காதே. எனக்கு நேரம் இல்லை.


ஏப்ரல் 30

வாலு,

உன் கடிதத்தில் தொடக்கமும் இல்லை, முடிவில் பெயரும் இல்லை. இருந்தாலும் நான் உன் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. தானம் செய்கிறவர்களுக்கென்று இங்கே தனியாக ஒரு ஆலோசகர் இருக்கிறார். வயதான அம்மா. நோயாளியின் பக்கம் அவருக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. முதல் நாளே என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்: "கடைசி நிமிஷம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம்மா. காரணம் கேக்க மாட்டோம். உங்க தங்கச்சிகிட்ட 'பொருந்தல' அப்படின்னு மட்டும் எழுதுவோம். யாருக்கும் தெரியாது."

புரிகிறதா? எனக்கு வெளியே போக ஒரு கதவு திறந்தே இருக்கிறது. தப்பிக்க நினைப்பவள் திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்ன வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வார்த்தை போதும். நான் அதைச் சொல்லவில்லை.

இன்று காலை அரை ரொட்டிதான் சாப்பிட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஐந்து கிலோ கல்லைத் தூக்கும்போது கண் இருட்டியது. கல்லைப் போட்டுவிடுவேனோ என்றுதான் முதலில் பயந்தேன், என்னைப் பற்றி அல்ல. இனி அவர்கள் சொன்னதில் பாதிதான் சாப்பிடப் போகிறேன். அப்போது இறங்குகிறதா பார்க்கலாம்.

அக்கா


மே 9

அக்கா,

பாதி சாப்பிடாதே. முதலில் அதை நிறுத்து. முழுதாகச் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நேற்று டயாலிசிஸின்போது படிக்க ஒன்றும் இல்லை. உன் மேல் இருந்த கோபத்தில் உன் கடிதங்களை முதலிலிருந்து எடுத்தேன், எங்கேயாவது பொய் மாட்டுமா என்று. மார்ச் மாதக் கடிதம். நீ அந்தப் பெண்ணை வியர்க்க வைத்த கதை. பக்கத்தில் இருந்த நர்ஸுக்கும் படித்துக் காட்டினேன், சிரிக்கட்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. "அப்ப உங்க அக்கா எப்பத்தான் படுத்தாங்க?" என்று கேட்டாள்.

நீயே எழுதியிருக்கிறாய் பார். அரைமணி நேரம் சும்மா படுக்கச் சொன்னார்கள். நீ எழுந்தாய், உருளையைச் சுற்றினாய், சீட்டைப் படித்தாய், குழாயை அழுத்தினாய், அவளோடு வாதாடினாய். மூடியைக் கவிழ்த்த பிறகாவது இயல்பாக இருந்தாயா? பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி ஆழமாக மூச்சு விட்டிருக்கிறாய். ஓய்வில் இருக்கும் உடம்பை அளக்கும் இயந்திரம் அது. ஓய்வு எங்கே? நிற்கும்போது, பதறும்போது, வேண்டுமென்று மூச்சை இழுத்து விடும்போது எல்லாம் அளவு கூடித்தான் காட்டுமாம். அந்தக் கூடுதல் கணக்கை வைத்து உனக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீ ஒரு பருக்கை பிசகாமல் சாப்பிட்டிருக்கிறாய். எப்படி இறங்கும்?

முன்பு ஒரு தடவை உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது பெட்டியிலிருந்து எடுத்த எடைக்கல் ஒன்றை நான் தொடப்போனேன். கையில் பட்டென்று அடித்தாய். "எடுத்த உடனே அளக்கக் கூடாதுடி, இந்த அறையோட சூட்டுக்கு அது அடங்கணும், நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும்" என்றாய். கல்லுக்குக் கொடுத்த மரியாதையை உனக்கு நீ கொடுக்கவில்லை. இயந்திரத்தைச் சரிபார்த்தாய், உன்னை மறந்துவிட்டாய். உலகத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

ஏப்ரலில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு. மன்னிப்பெல்லாம் எனக்கு எழுத வராது. நேரில் வரும்போது ஒரு அடி அடித்துக்கொள், ஊசி போடாத கையில்.

வாலு


மே 24

அன்புள்ள வாலுக்கு,

மறுபடி அளந்தார்கள். அதே அறை, அதே பெண். என்னைப் பார்த்ததும், "நீங்களாப் படுக்கறீங்களா, இல்ல நான் கட்டிப் போடணுமா?" என்றாள். நீ எழுதியதைச் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டாள். மார்ச் மாதத்து வரைபடத்தைத் திறந்தாள். உள்ளே போன ஆக்சிஜனுக்கும் வெளியே வந்த வாயுவுக்கும் உள்ள விகிதம் அப்போதே வழக்கத்துக்கு மாறாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்தவுடன் அந்த அளவைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டுமாம். "நீங்க கேட்ட கேள்வியில எனக்குக் கையே ஓடலம்மா. எப்படா முடியும்னு இருந்துச்சு" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை நிஜமாகவே படுத்தேன். விளக்கைக் குறைத்தாள். "நீங்க மூச்சு விடாதீங்க, அதுவா வரட்டும்" என்றாள். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? நினைத்தால் மூச்சு மாறுகிறது, நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் மாறுகிறது. முதல் சில நிமிடத்து அளவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாள். பிறகு திரையில் ஓடிய கோடு ஆட்டம் நின்று படுத்தது.

1310.

உணவு ஆலோசகர் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்மா" என்றார். புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முன்பைவிடக் குறைவு, ஆனால் மயக்கம் வராத அளவு. பாதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன், உன் தலைமேல் சத்தியம்.

உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போது அப்படி இல்லை. அந்த அரைமணி நேரத்தில் என்னென்னவோ தோன்றியது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று நீ எழுதி அனுப்புவதையெல்லாம் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் உன்னைப் பந்தயக் குதிரை மாதிரி விசாரிக்கிறார்கள். "இன்னும் எவ்வளவு பாக்கி?"

என் செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. டயாலிசிஸுக்காகக் கையில் போட்டிருந்த வழி அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் போக முடியவில்லை. வீட்டுக்காரர்தான் தலை சீவிவிடுகிறார். அவர் வகிடு எடுத்து நீ பார்க்க வேண்டும், தண்டவாளம் தடம் புரண்ட மாதிரி. இது ரொம்ப நாள் தாங்காது, சீக்கிரம் மாற்று ஏற்பாடு வேண்டும் என்கிறார் டாக்டர்.

இதை உன்னை அவசரப்படுத்த எழுதவில்லை. வேறொன்றுக்கு எழுதுகிறேன்.

மே மாதக் கடிதத்தில் "என்னென்னவோ தோன்றியது" என்று எழுதினாய். "இன்னொரு நாள்" என்றாய். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயம்.

இப்போது கேட்கிறேன். உனக்குப் பயமாக இருந்தால் எனக்கு அது வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். நீ நடுங்கிக்கொண்டே கொடுத்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் என்னால் எழுந்திருக்க முடியாது. ஒரு துளி பயம் இருந்தாலும் அந்தத் தான ஆலோசகர் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. "பொருந்தல" என்று கடிதம் வரட்டும். நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, யாராவது வருவார்கள்.

இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். அங்கேயே சொல்லிவிடு.

வாலு


ஆகஸ்ட் 28

அன்புள்ள வாலுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை அனுப்புவேனா என்று தெரியாது.

அந்தத் தான ஆலோசகர் அம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் எடை பார்த்தார்கள். ஒன்பதும் போய் இன்னும் அரைக் கிலோ கூடவே போயிருக்கிறது. எடை பார்த்த பையன் கைதட்டினான். நான் சிரித்தேன். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மே மாதம் அந்த மூடிக்குள் படுத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நம் அம்மா இறந்துபோன பிறகு நான் ஒரு நாளும் அப்படிப் படுத்ததில்லை என்று நினைக்கிறேன். எப்போதும் கையில் ஏதாவது ஒன்று, காயப்போட ஒரு துணி, சரிபார்க்க ஒரு கல். ஒன்றுமே செய்யாமல் கிடந்தபோது ஒரு நினைப்பு தானாக மேலே வந்தது. ஆறு வாரமாக எடை இறங்கவில்லையே, ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைப் பார்த்து அழுதேனே, அழுவதற்கு முன் ஒரு நொடி எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும். நான் சாப்பிடவில்லை, வாலு. அது சத்தியம். ஆனால் இறங்கக் கூடாது என்று எனக்குள் யாரோ ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள். நீ டிரைவர் குரலைக் கேட்டதாக எழுதினாயே, நீ கேட்டது அவளைத்தான். சாப்பாட்டு விஷயத்தில் நீ சொன்னது தப்பு. மற்றதில் இல்லை.

கத்திக்குப் பயம். மயக்க மருந்து கொடுத்து எழுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். பத்து வருடம் கழித்து மிச்சமிருக்கும் ஒன்றும் மக்கர் பண்ணினால் யார் கொடுப்பார்கள் என்று பயம். எல்லாவற்றையும்விட, நான் கொடுத்தது உன்னிடம் போய் வேலை செய்யாமல் போனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம். ஒரு துளி இல்லை, குடம் குடமாக இருக்கிறது. ஒன்பது கிலோ இறக்கிவிட்டேன், இதில் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. இன்னும் ஆறு மாதம் கொடுத்தாலும் இறங்காது.

இவர் கீழே வண்டியில் இருக்கிறார். மேலே வர மாட்டேன் என்றுவிட்டார். வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லன்னு சொன்னா யாருக்கும் தெரியாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்கல்ல?" என்றார். "ஆமா" என்றேன். "எனக்கும் உன்ன விட்டா யாரு இருக்கா" என்றார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எங்களுக்குக் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வருவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ போட்ட நிபந்தனையைப் பல தடவை படித்தேன். பயம் இருந்தால் வேண்டாம் என்கிறாய். அது நல்ல மனசுதான். ஆனால் அதற்காக நான் உனக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், இல்லையென்றால் உன்னை அந்தக் குழாயோடு விட்டுவிட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று. இரண்டும் என்னால் ஆகாது.

ஆகவே நான் இப்போது உள்ளே போய் என்ன சொல்லப் போகிறேன் என்றால், கொடுக்கிறேன் என்று. பயமாக இருக்கிறது என்றும் சொல்வேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். பிறகு கீழே போய் வண்டியில் உட்கார்ந்து இவரிடம் சொல்ல வேண்டும். அதற்கான வார்த்தை இன்னும் என்னிடம் இல்லை. கடைசியில் உன்னிடம். நடுங்கிக்கொண்டு கொடுத்ததை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று நீ கத்தினால், கத்து. அழாமல் கேட்கப் பார்க்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், "டயட் லிஸ்ட்டா எழுதறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கதவு திறந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள்.